சொல்லிக்கொண்டு போனவள்

நாகமணியின் பேரை வெட்டிவிட்டார்கள் என்ற செய்தி அவளுக்கு முன்பாகவே, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் ஆபீஸ் வாசலிலிருந்து மண்பாதையில் நடந்து வந்தபோது, குழாயடியில் நின்றிருந்த இரண்டு பெண்கள் பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். நேற்றுவரை அவளைக் கண்டால் நின்று நாலு வார்த்தை பேசாமல் போகாதவர்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அது மலாயா, 1952. போலீஸ் விசாரித்த ஆளோடு பேசினால் தங்களையும் விசாரிப்பார்கள் என்று எல்லாருக்கும் பயம்.

தோட்டத்தில் பேரை வெட்டினால் வேலை மட்டும் போவதில்லை. வீடு தோட்டத்துடையது. அரிசி அட்டை தோட்டத்துக் கணக்கில் இருந்தது. உடம்புக்கு முடியாமல் போனால் படுக்கிற ஆஸ்பத்திரியும் தோட்டத்துடையதுதான். ஒரே சொல்லில் எல்லாம் போய்விடும். புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் பயிரிட்ட அந்தக் கித்தாத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் ஜனங்கள் பாலத்துத் தோட்டம் என்றே சொன்னார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்த பிறகு லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்து, அதில் துப்பாக்கிக் காவலும் நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குச் சங்கு ஊதும். அதன் பிறகு ரோட்டில் நடமாடுகிறவனைக் கேள்வி கேட்காமல் சுடுவார்கள் என்று பேச்சு. அந்தச் சங்கு ஊதுவதற்குள் நாகமணி தன் புருஷனோடு வேலிக்கு வெளியே போய்விட வேண்டும் என்பது துரையின் உத்தரவு.

புருஷன் ரெங்கசாமி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்ச் சயாமில் ரயில் பாதை போடவைத்தபோது, புண் வந்து அழுகி, அங்கேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். உயிரோடு திரும்பியதே பெரிது. வந்தவன் அன்றிலிருந்து கக்கத்தில் ஒரு கட்டையைக் கொடுத்துக்கொண்டு வீட்டுக்கும் கோயிலுக்குமாக நடமாடுவான். அதற்கு மேல் தூரம் போனதில்லை.

"எந்தத் தோட்டத்துக்குப் போறது?" என்று கேட்டான்.

வேலை தெரிந்த ஆள் என்று எழுதிக்கொடுக்காமல் எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். போலீஸ் விசாரித்து அனுப்பிய ஆள் என்றால் கிட்டவே விடமாட்டார்கள். ரவாங் பக்கம் அவளுக்கு ஒரு தூரத்து உறவு இருந்தது. ஆனால் பதியாத ஆளை ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருந்தாலும் அவர்களுக்கும் இதே கதிதான். நினைத்துப் பார்த்தால் போவதற்கு என்று ஓர் இடம்கூட இல்லை.

அவள் உள்ளே போய் இரண்டு பாய், சட்டி, துணிமணி எல்லாவற்றையும் ஒரு போர்வையில் போட்டு முடிந்தாள். முடிச்சு இறுகவில்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டாள். மூட்டையை வாசலில் வைத்துவிட்டு, ஆயாக் கொட்டகைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள்.

ரெங்கசாமிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எதற்குக் கொட்டகை, யாருடைய கொட்டகை, இப்போதே கிளம்பினால்தான் அவன் நடக்கிற நடைக்கு இருட்டுவதற்குள் புக்கிட் ரோத்தானைப் பார்க்க முடியும் என்று கத்தினான். அவள் நின்று கேட்டாள். அவன் சொன்னது அத்தனையும் நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"புள்ளைங்களை அந்தப் பொண்ணுகிட்ட ஒப்படைச்சிட்டு வந்துடுறேங்க. அதுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

"உன்னைக் காட்டிக்கொடுத்தவன் பொஞ்சாதிக்கா?"

அவள் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

பாலத்துத் தோட்டத்தில் நாகமணி ஆயாவாக இருந்தாள். விடிந்ததும் பெண்கள் ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் அந்தப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து தூக்கிக்கொள்வார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு அவள்தான் அம்மா. அவளும் முன்னால் மரம் வெட்டினவள்தான். ஜப்பான்காரன் காலத்தில், புருஷன் சயாமில் இருந்தபோது, அரிசி கண்ணில் படாத நாட்களில், கையும் காலும் வீங்கி அவளுடைய ஒரே மகள் செத்துப்போனாள். அதன் பிறகு கொஞ்ச காலம் நாகமணி யாரோடும் பேசாமல், சாப்பிடாமல் கிடந்தாள். அவளும் போயிருப்பாள். காப்பாற்றியது ஒரு சீனத்தி. தோட்டத்துக்குப் பின்னால் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டுக் கீரையும் மரவள்ளியும் பயிர் செய்துகொண்டிருந்தவள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. கீரைக்காரி என்றால் எல்லாருக்கும் தெரியும். அவள் தினமும் அவித்த மரவள்ளியை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து, நாகமணியின் வாயைப் பிடித்துத் திறந்து ஊட்டினாள். இவளுக்குச் சீனம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. சந்தை மலாயில் 'மாக்கான், மாக்கான்' என்று அதட்டுவாள். சாப்பிடு, சாப்பிடு. அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

சண்டை முடிந்து ரெங்கசாமி ஒற்றைக்காலோடு வந்து சேர்ந்தான். பழைய துரையும் திரும்பி வந்தார். புருஷனுக்கு இனி வேலையில்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று பேச்சு வந்தபோது, கொட்டகைக்கு ஆயா வேண்டும் என்று அந்தத் துரை நாகமணியை அங்கே போட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கையில் பிள்ளைகளைக் கொடுப்பதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. அவள் தூளியை ஆட்டினால் தூங்காத பிள்ளை கிடையாது.

அவசரகாலம் வந்ததும், வேலிக்கு வெளியே குடிசை போட்டிருந்த சீனர்களையெல்லாம் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் புதுக்கிராமம் என்ற பெயரில் இன்னொரு வேலிக்குள் விட்டார்கள். குடிசைகளைக் கொளுத்தினார்கள். கீரைக்காரியும் போனாள். காட்டில் இருக்கிறவர்கள் கைக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக்கூடாது என்று சோற்றுக்கு எங்கும் கட்டுப்பாடு. வேலியைத் தாண்டி ஒரு ரொட்டித் துண்டு கொண்டுபோனாலும் குற்றம்.

சில மாதம் கழித்து ஒருநாள், பக்கத்துச் சின்னத் தோட்டத்தில் மரம் வெட்டப் போகும் வழியில், கீரைக்காரி கொட்டகைக்குப் பின்னாலிருந்த வேலியருகே வந்து நின்றாள். முதுகில் ஒரு குழந்தையைத் துணியால் கட்டியிருந்தாள். மகள் வயிற்றுப் பேரன். மகள் எங்கே என்று நாகமணி கேட்கவில்லை. அந்த நாளில் அப்படிக் கேட்கமாட்டார்கள். குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, தோல் சுருங்கியிருந்தது, அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடியது. அப்படி வாயைத் திறந்து மூடிய ஒரு முகத்தை நாகமணி முன்பே பார்த்திருக்கிறாள். அவள் உள்ளே போய், பிள்ளைகளுக்குக் கரைத்து வைத்திருந்த பாலில் ஒரு கோப்பை எடுத்துவந்து, கம்பிக்கு நடுவே கையை நீட்டினாள். குழந்தை அங்கேயே குடித்தது. மறுநாளும் வந்தார்கள். அதன் பிறகு வராத நாளே இல்லை.

இதைக் காவல்காரன் அர்ஜுனன் பார்த்துவிட்டான். அவன் இதே தோட்டத்துப் பையன், இப்போது காக்கிச்சட்டை போட்டுத் துப்பாக்கி வைத்திருந்தான். பார்த்தும் பாராததுபோலச் சில நாள் இருந்தான் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வேறொரு தோட்டத்தில் இப்படிக் கண்டும் காணாமல் இருந்த ஒரு காவல்காரனை உள்ளே தள்ளிவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவனுக்கு உதறல் எடுத்துவிட்டது. போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் காலையில் கோலசிலாங்கூரிலிருந்து போலீஸ் வந்தது. கீரைக்காரியை வேலியருகேயே பிடித்து, முதுகில் குழந்தையோடு லோரியில் ஏற்றினார்கள். நாகமணி அதைக் கொட்டகைக்குள்ளிருந்து பார்த்தாள். அப்புறம் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள்.

கொட்டகையில் அர்ஜுனன் மனைவி கங்கா நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவளுக்குக் குழந்தை இல்லை. அன்று காலை வேறு ஆள் கிடைக்காமல் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி அவளைப் பிடித்து இங்கே நிறுத்தியிருந்தார். நாலைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீறிட்டுக்கொண்டிருக்க, எதைத் தூக்குவது என்று தெரியாமல், ஒரு பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளும் அழுதுகொண்டிருந்தாள். நாகமணியைக் கண்டதும் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

நாகமணி நேரே அவளிடம் போனாள். அந்தக் கக்கத்துப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு முதுகைத் தடவினாள். அது ஏப்பம் விட்டுவிட்டு அடங்கியது. மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தூளியில் போட்டாள். சத்தம் குறைந்ததும், "கிட்ட வா, பாரு" என்றாள்.

அவள் ஒவ்வொரு தூளியாகக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். இந்தப் பயல் சுவரைப் பார்த்துப் படுத்தால்தான் தூங்குவான். இந்தக் குட்டிக்கு அழுகை முற்றினால் மூச்சு நின்று உதடு நீலமாகிவிடும், பயந்துவிடாதே, முகத்தில் ஒரு கை தண்ணீர் தெளி, திரும்பிவிடும். மேல்லயத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பு வரும், அப்போது வாய்க்குள் எதையும் வைக்காதே, ஒருக்களித்துப் படுக்க வை, ஆஸ்பத்திரி டிரெசரைக் கூப்பிட்டு அனுப்பு. இவள் பாலை வேண்டாம் என்று தள்ளுவாள், நீ வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு வாயில் வைத்தால் குடித்துவிடுவாள். கங்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

"திருப்பிச் சொல்லு" என்றாள் நாகமணி.

கங்கா திருப்பிச் சொன்னாள். பாதி சரியாக இருந்தது. விட்டதை நாகமணி மறுபடியும் சொல்லிக்கொடுத்தாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாசற்படியில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறவனின் நினைப்பு அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் வலிப்பு வருகிற பிள்ளையைப் பற்றி இன்னொரு தடவை சொன்னாள்.

கிளம்பும்போது கங்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒரு வார்த்தையாச்சும் திட்டிட்டுப் போங்க. இப்படிப் போனீங்கன்னா என்னால தாங்க முடியாது."

"சத்தம் போட்டா புள்ளைங்க முழிச்சுக்கும்" என்றாள் நாகமணி. கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கொட்டகைக்குப் பின்னால், கீரைக்காரி வந்து நிற்கிற இடத்தில், புல் மிதிபட்டுத் தரை தெரிந்தது. நாகமணி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றாள். இவ்வளவு நேரம் உள்ளே அடக்கி வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. சத்தம் வராமலிருக்கச் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் குழந்தை இப்போது எங்கே இருக்கும், பசித்து வாயைத் திறந்தால் அங்கே யார் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். தான் பால் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்கவே மாட்டார்கள், பிடிபட்டிருக்கவும் மாட்டார்கள். கொடுக்காமல் இருந்திருந்தால் அது செத்திருக்கும். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஆறுதல் இல்லை. உள்ளங்கையில் கம்பி கீறி ரத்தம் வந்ததை அப்புறம்தான் பார்த்தாள். அதைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள்.

கிராணி நல்லசாமி தனியாக இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, ஜன்னல் வழியாக வெளியே யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். காலையில் போலீஸ் அதிகாரி அவளையும் லோரியில் ஏற்றத்தான் சொன்னார். துரை பேசாமல் இருந்தார். அப்போது நல்லசாமிதான் குறுக்கே பேசினார். இவளுக்குக் கட்சியும் தெரியாது, காடும் தெரியாது, பிள்ளை அழுதால் புத்தி மழுங்கிப்போகிற பொம்பளை, இவளைக் கொண்டுபோய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர் இங்கிலீஷில் சொன்னதை, அவரே அப்புறம் தமிழில் அவளுக்குச் சொல்லியிருந்தார். அதனால்தான் பேரை வெட்டியதோடு நின்றது.

"ஐயா, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள் நாகமணி. "நான் ஜெயிலுக்குப் போயிருந்தா என் வீட்டுக்காரரு வாசப்படியிலேயே கிடந்து செத்திருப்பாரு. நீங்க பேசினதாலதான் நான் அவரு கூட இருக்கேன். இதை மறக்கமாட்டேன்."

"உன் பேரை வெட்டினதும் நான்தான், நாகமணி" என்றார் நல்லசாமி.

"அது உங்க வேலை, ஐயா. பேசினது உங்க வேலை இல்லையே. பேசினீங்க."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. சீக்கிரம் போ, நேரமாகிறது என்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். அவர் குரலில் இருந்தது கோபமா வெட்கமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மரம் வெட்டப் போனவர்களும் திரும்பியிருந்தார்கள். லயம் முழுக்க ஆள் இருந்தும் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. அடுப்புப் புகை மட்டும் கூரைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. ரெங்கசாமி கட்டையை ஊன்றி எழுந்து தயாராக நின்றான். நாகமணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு, நேரே வாசலுக்குப் போகாமல், பக்கத்து வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நாங்க போயிட்டு வர்றோம்" என்றாள் மூடிய கதவைப் பார்த்து.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. அவள் அடுத்த கதவுக்குப் போனாள். அங்கேயும் அதையே சொன்னாள். ரெங்கசாமி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நொண்டி வந்தான். இதெல்லாம் எதற்கு, கதவுக்கா சொல்கிறாய் என்று அடிக்குரலில் வைதான். அவள் ஒரு வீட்டையும் விடவில்லை. எல்லாரும் உள்ளே இருந்தார்கள், எல்லாருக்கும் கேட்டது. ஒரு வீட்டில் அவள் வளர்த்த பிள்ளை ஒன்று அவள் குரலைக் கேட்டு, கதவிடுக்கில் புகுந்து வெளியே ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. பின்னாலேயே தாய் வந்தாள். பிள்ளையின் கையைப் பிரித்து இழுத்தாள். பிள்ளை விடவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகமணியே குனிந்து அந்தச் சின்ன விரல்களைப் பிரித்து, பிள்ளையைத் தாயிடம் கொடுத்தாள். கதவு மறுபடியும் மூடியது. உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் அவர்கள் லயத்தைத் தாண்டுகிறவரை கேட்டது.

வாசலில் அர்ஜுனன் நின்றான். வெளியே போகிற மூட்டையைப் பிரித்துச் சோதிக்க வேண்டும், அரிசியோ சோறோ இருக்கக்கூடாது. அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான், தொடவில்லை. நாகமணி தானே கீழே இறக்கி முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். பாய், சட்டி, துணி. ரெங்கசாமி அவன் காலடியில் காறித் துப்பினான். அர்ஜுனன் நகரவில்லை.

"அக்கா, நான்..." என்று ஆரம்பித்தான்.

"உனக்கும் பயம்தானே, தம்பி" என்றாள் நாகமணி. "கங்கா கெட்டிக்காரி, சீக்கிரம் பழகிக்குவா. கொஞ்ச நாளைக்கு நீ வீட்டுல சண்டை போடாம இரு. அழுத முகத்தோட போனா புள்ளைங்களும் அழும்."

அவன் கம்பி வாசலைத் திறந்துவிட்டான். வேறென்ன செய்வான்.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் எவ்வளவு நேரமாகிவிட்டது என்பது நாகமணிக்கு உறைத்தது. இரண்டு பக்கமும் கித்தா மரங்கள், நடுவில் ஆள் அரவமில்லாத மண்ரோடு. முந்தின ராத்திரி மழையில் களிமண் வழுக்கியது. ரெங்கசாமியின் கட்டை ஒவ்வொரு தடவையும் சேற்றில் புதைந்து, பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. கக்கத்தில் தோல் வழன்று சட்டையில் ரத்தம் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவன் உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் இளைப்பாறி மறுபடியும் நடந்தான், மறுபடியும் உட்கார்ந்தான். மரங்களுக்கு நடுவே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

"என்னை இங்கேயே விட்டுட்டு நீ போ" என்றான். "நீ ஒருத்தி ஓடினா போய்ச் சேர்ந்துடுவே."

அவள் மூட்டையை ரோட்டோரப் புதரில் வைத்தாள். பாயும் சட்டியும் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேருமாக இழுத்து இழுத்து நடந்தார்கள். தூரத்தில் கடைகளின் தகரக் கூரைகள் தெரிந்தபோது சங்கு ஊதிவிட்டது.

திரும்பி ஓட இடமில்லை, ஒளிந்தால் காட்டுக்காரர்கள் என்று சுட்டுவிடுவார்கள். நாகமணி ரோட்டின் நடுவிலேயே நடந்தாள். பின்னால் ஒரு ராணுவ லோரி வந்தது. விளக்கு வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்தது. யாரோ மலாயில் கத்தினார்கள். ரெங்கசாமி கையைத் தூக்க முயன்று கட்டை நழுவிச் சேற்றில் குப்புற விழுந்தான். துப்பாக்கியில் குண்டு ஏற்றுகிற சத்தம் கேட்டது. நாகமணி ஓடவில்லை, கையையும் தூக்கவில்லை. அப்படியே அவன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

சுடவில்லை. ஒரு சிப்பாய் இறங்கிவந்து பார்த்தான். வெட்டுண்ட காலைப் பார்த்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். அவள் அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். அவர்களைத் தூக்கி லோரியில் போட்டுக்கொண்டு போய் புக்கிட் ரோத்தான் போலீஸ் ஸ்டேஷனில் இறக்கினார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்த மலாய்க்காரச் சார்ஜன்ட், வராந்தாவில் ஒரு பெஞ்சைக் காட்டினார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். நாகமணி அவருக்கும் கும்பிடு போட்டாள்.

அதைப் பார்த்து ரெங்கசாமிக்கு அழுகை வந்துவிட்டது. "போறவன் வர்றவனுக்கெல்லாம் கும்பிடு போடுறியே. உனக்குக் கோபமே வராதா?"

நாகமணி அவன் கக்கத்துப் புண்ணைத் தன் முந்தானையை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"ஏன் வராது? அர்ஜுனன் மூஞ்சியில துப்பணும்னு நானும்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன். நீங்க துப்பிட்டீங்க. நானும் துப்பியிருந்தா, நாளைக்கு அந்தத் தோட்டத்தை நெனச்சா எனக்கு அந்த எச்சில்தான் ஞாபகம் வரும். அங்கதாங்க நம்ம பொண்ணு கிடக்கு. அங்கதான் எனக்கு மறுபடியும் மடியில போட்டுக்கப் புள்ளைங்க கிடைச்சுது. பித்துப் பிடிச்சுக் கிடந்தவளை மனுஷியா ஆக்கினது அந்த வேலைதான். அதை வாங்கிட்டாங்கன்னு, குடுத்ததையே இல்லைன்னு சொல்ல முடியுமா?" கொஞ்சம் நிறுத்தி, "நல்லபடியா சொல்லிக்கிட்டு வந்தா மனசு ஆறும்னு நெனச்சேன். ஆறல" என்றாள்.

காலையில் ஸ்டேஷனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த இனாயத்துல்லா அவர்களைப் பார்த்தார். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். என்ன ஏது என்று விசாரித்தார். தன் வீட்டுக்காரி மெகராஜ் பேகத்துக்கு உடம்பு முடியவில்லை, மசாலா அரைக்கவும் பாத்திரம் கழுவவும் ஆள் வேண்டும் என்று சார்ஜன்டிடம் பேசி, தானே பொறுப்பு என்று சொல்லி, அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்குப் பின்னால் விறகு அடுக்கிய சாய்ப்பில் இடம் கொடுத்தார். நாகமணி அன்றே அம்மியில் உட்கார்ந்தாள். கம்பி கீறிய கையில் மிளகாய் பட்டு எரிந்தது. எரிந்தால் என்ன, கூரை இருந்தது.

ஆனால் அந்த வருஷம் அவளை விடவில்லை. புதிய அரிசி அட்டை வருவதற்கு வாரக்கணக்கில் ஆனது. அதுவரை கடையில் மிஞ்சியதைத்தான் இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். ரெங்கசாமியின் கக்கத்துப் புண் ஆறாமல் சீழ் வைத்தது. அவன் சாய்ப்பிலிருந்து எழுந்து உட்காருவதே அபூர்வமாகிவிட்டது. கீரைக்காரியைப் பற்றி அவள் கடைக்கு வருகிற சீனர்களிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது சொல்லப் பயந்தார்கள். கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று ஒரு கிழவர் சொன்னார். குழந்தையையுமா என்று கேட்டாள். அவர் கையை விரித்தார்.

மழைக்காலத்தில் ரெங்கசாமி போய்ச் சேர்ந்தான். இனாயத்துல்லாதான் ஆள் பிடித்து அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தார். மெகராஜ் பேகம் நாகமணிக்குத் துணையாக இரண்டு நாள் சாய்ப்பிலேயே இருந்தாள். பாலத்துத் தோட்டத்துக்குச் செய்தி போயும் யாரும் வரவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் கங்கா வந்தாள். அத்தனை தூரமும் நடந்தே வந்திருந்தாள். சேலை ஓரமெல்லாம் சேறு. சாய்ப்பு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்கத் தெரியாமல், நாகமணியைப் பார்த்து அழுதாள்.

நாகமணி அம்மியிலிருந்து எழுந்து நின்றாள். ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தால் திட்டப்போகிறாள் என்றுதான் தோன்றியது.

"புள்ளைங்களை யாருகிட்ட விட்டுட்டு வந்தே?" என்று கேட்டாள்.